ரயிலில் ஏறத் தடை... கைவிடாத பாப்பாரப்பட்டி! தியாகி சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன?

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் போய் வந்தவர்களுக்கு சுப்பிரமணிய சிவா என்ற பெயர் பழக்கமானதுதான். கோபாலபுரத்தில் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன.

அதே அரூர் பகுதியில்தான் சித்தேரி மலையும் இருக்கிறது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பல ஊர்களுக்கு ரொம்ப நாளாக ஒழுங்கான ரோடு கிடையாது. பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும், தூளி கட்டித் தோளில் சுமந்துதான் கீழே இறக்க வேண்டும் என்ற நிலை.

சர்க்கரை ஆலையில் பெயராக இருக்கும் மனிதருக்கும், தூளியில் இறங்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கு. இந்த நாட்டுக்காகச் சிறை போன சிவாவை, அவர் நோயாளி ஆனபோது ரயிலில் ஏற விடவில்லை அன்றைய அரசு. அவரும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும்தான் ஊர் ஊராகப் போனார். கடைசியில் அவரைத் தாங்கிப் பிடித்தது இதே மாவட்டத்தில் உள்ள ஒரு சின்ன ஊர்.

நம்பிக்கை இழந்து நிற்கிற ஒருவருக்குச் சமூகம் என்ன செய்யணும்? இந்தக் கேள்விக்கு சிவாவின் வாழ்க்கையை விட நேரடியான பதில் கிடைப்பது கஷ்டம். அவர் கதையை விரிவாகப் பார்க்கலாம்.

*யார் இந்த சுப்பிரமணிய சிவா?*

1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி வத்தலகுண்டில் பிறந்தார். அப்போது மதுரை மாவட்டம், இப்போது திண்டுக்கல் மாவட்டம். தந்தை ராஜம் ஐயர், தாய் நாகம்மாள். சிவா என்பது பின்னாளில் சேர்ந்துகொண்டது.

குடும்பத்தில் வறுமை. படிப்பை ஒரே இடத்தில் தொடர முடியவில்லை. சிறு வயதில் திருவனந்தபுரம் போய், அங்கே இலவசமாகக் கிடைத்த ஊட்டுப்புரைச் சாப்பாட்டை நம்பிப் படித்தார். இதை ஒரு சாதாரண தகவலாகக் கடந்து போக வேண்டாம். அந்த இலவசச் சோறு இல்லையென்றால் அந்தப் பையன் படித்திருப்பானா என்பது சந்தேகம்தான். பசித்த பிள்ளைக்குச் சோறு போட ஒரு ஏற்பாடு முன்கூட்டியே இருந்தது. அதனால் ஒரு தலைவர் கிடைத்தார்.

1899-ல் மீனாட்சி அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். சிவகாசி காவல் நிலையத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை, விட்டுவிட்டார்.

திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். நாட்டு விடுதலை பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு சூடாக இருந்தது, கூட்டம் சேர்ந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. அங்கிருந்து கிளம்பியவர், வழியில் இருந்த ஊர்களில் எல்லாம் பேசிக்கொண்டே வந்து சேர்ந்த இடம் தூத்துக்குடி.

*ஒரு ஊரே சேர்ந்து நின்ற 1908*

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. வ.உ.சியும் சிவாவும் சந்தித்தார்கள். இருவரும் சேர்ந்து கடற்கரையில் கூட்டம் போட்டால் ஊரே திரண்டு வரும். திருநெல்வேலிச் சீமையில் அந்த ஜோடிக்கு ஈடு இல்லை என்ற நிலை உருவானது.

அப்போது தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் மில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை, கூலியோ ரொம்பக் குறைவு. வார விடுமுறை என்ற பேச்சே இல்லை. சின்னப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். எதிர்த்துக் கேட்டால் வேலை போய்விடும். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

1908 பிப்ரவரி 27. கோரல் மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. வ.உ.சியும் சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. தினக்கூலி வாங்குகிறவர் வேலைநிறுத்தம் செய்தால், மூன்றாவது நாளே வீட்டில் அடுப்பு எரியாது. முதலாளிகள் நம்புவது அந்தப் பசியைத்தான். ஆனா தூத்துக்குடியில் அந்தக் கணக்கு தப்பியது. ஊர் மக்கள் பணம் திரட்டினார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். சிலருக்கு வேறு வேலை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். மில் நிர்வாகத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களுக்குச் சவரம் செய்ய மறுத்தார்கள் முடிதிருத்தும் தொழிலாளர்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

இந்திய தொழிற்சங்க வரலாற்றின் ஆரம்பகால வெற்றிகளில் இது முக்கியமானது. மேடையில் பேசியது தலைவர்கள். ஆனா தொழிலாளர்களைத் தோற்காமல் பார்த்துக்கொண்டது அடுப்பை அணைய விடாத ஊர்.

*கைது... கலவரம்... தண்டனை*

பிரிட்டிஷ் அரசு சும்மா இருக்கவில்லை. வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதை மார்ச் மாதத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கொண்டாடின. அதை ஒட்டி 1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சியும் சிவாவும் கைது செய்யப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர்.

ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை. வ.உ.சிக்கு இரட்டை ஆயுள். அந்த இரண்டில் ஒன்று எதற்கு தெரியுமா? சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக. மேல்முறையீட்டில் இருவரின் தண்டனையும் குறைந்தது. சிவாவின் தண்டனை 6 ஆண்டாக மாறியது.

கைதானபோது சிவாவுக்கு வயது 23.

*சிறையில் என்ன நடந்தது?*

சிறை வேலைகளில் ரொம்பக் கொடுமையானது ஆட்டு ரோமத்தோடு சம்பந்தப்பட்டது. சுண்ணாம்பு கலந்த தோலிலிருந்து ரோமத்தைப் பிரித்து, கம்பளிக்குத் தயார் செய்ய வேண்டும். சிவா அந்த வேலை பார்த்ததாகவும், அதனால்தான் தொழுநோய் வந்ததாகவும் இன்றும் பலர் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள்.

மருத்துவம் சொல்வது கொஞ்சம் வேறு. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873-லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ரோமமும் சுண்ணாம்பும் தொழுநோயை உருவாக்காது. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி இருக்கும்போது, மூச்சுக்காற்று வழியாக வரும் நுண்துளிகளில் அது பரவுகிறது. கிருமி உடம்புக்குள் போன பிறகு, அடையாளம் வெளியே தெரியவே சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம்.

அப்போ சிறைக்குப் பங்கே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நெருக்கடியான கொட்டடி, சத்தில்லாத சாப்பாடு, முறிக்கும் வேலை... எந்த உடம்பும் எதிர்ப்புச் சக்தியை இழக்கும். ஆரோக்கியமாக உள்ளே போன இளைஞர், நோயாளியாக வெளியே வந்தார். அது மட்டும் உறுதி.

1912 நவம்பர் 2-ம் தேதி சிவா விடுதலையானார். உள்ளே போனபோது அவருக்காக ஒரு நகரமே கொந்தளித்தது. வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனி அழிந்துவிட்டது. கூட இருந்தவர்கள் சிதறிவிட்டார்கள். பாரதி புதுச்சேரியில் இருந்தார். வ.உ.சி அடுத்த மாதம்தான் விடுதலையானார். அவரை வரவேற்கச் சிறை வாசலில் நின்ற வெகு சிலரில் சிவாவும் ஒருவர் என்று சொல்லப்படுவது உண்டு.

*பேனாவைப் பிடித்த கை*

உடைந்து போவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. சிவா சென்னையில் பத்திரிகை தொடங்கினார். 1913-ல் வெளிவர ஆரம்பித்த அந்த மாத இதழின் பெயர் ஞானபாநு. பாரதியும் அதில் எழுதினார். அடுத்து பிரபஞ்ச மித்திரன் என்ற பத்திரிகை. நூல்களும் நாடகங்களும் எழுதினார். சங்கரர், ராமானுஜர், விவேகானந்தர் பற்றி எழுதினார். தமிழில் வேற்றுமொழிச் சொற்கள் கலக்காமல் எழுதுவது பற்றியும் அக்கறை காட்டினார்.

1915-ல் மனைவி மீனாட்சி அம்மையார் காலமானார். நோய் முற்றிக்கொண்டே வந்தது. கையில் பணம் இல்லை. ஆனாலும் சென்னையில் தொழிலாளர் போராட்டங்கள் நடந்தபோது மேடை ஏறிப் பேசினார். 1921-ல் மீண்டும் கைது. இரண்டரை ஆண்டு தண்டனை. உடல்நிலை மோசமானதால் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்.

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கையின் மிகக் கசப்பான பகுதி வருகிறது.

*ரயிலில் ஏறக்கூடாது!*

தொழுநோய் இருப்பதால் சிவா ரயிலில் பயணம் செய்யக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது.

ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை. அவரைச் சிறையில் போடாமலே முடக்கிப்போட இந்த ஒரு தடை போதும். நோய்த் தடுப்பு என்ற பெயரில் அரசியல் தடை போட்டார்கள் என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. எதுவாக இருந்தாலும், தடை சட்டத்தின் முகமூடி போட்டுக்கொண்டுதான் வந்தது.

அந்தக் காலச் சட்டம் எப்படி இருந்தது? 1898-ல் தொழுநோயாளிகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவரப்பட்டது. அது அமலாக்கப்பட்ட இடங்களில், ஆதரவில்லாமல் பிச்சை எடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்துக்கொண்டு போய்க் காப்பகத்தில் அடைக்கலாம். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது, குளிக்கக்கூடாது, உணவுப் பொருள் விற்கக்கூடாது, வாடகை வண்டியில் ஏறக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு விதிக்கலாம். தொற்றுநோய் உள்ளவர்களை ரயிலில் ஏற்றுவதற்குத் தனியாக ரயில்வே சட்டமும் கட்டுப்பாடு வைத்திருந்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தச் சட்டத்தில் நோயாளிக்கு வைத்தியம் செய்யணும் என்பதைவிட, நோயாளி நம் கண்ணில் படக்கூடாது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு சரியான மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனா மருந்து இல்லாத நோயாளிக்குச் சோறும் கூரையும் துணையும் கொடுக்க எந்த ஆராய்ச்சியும் தேவையில்லையே!

சிவா நிற்கவில்லை. உடம்பைத் துணியால் மூடிக்கொண்டு, முடிந்த இடத்தில் மாட்டு வண்டி, முடியாத இடத்தில் கால்நடை என்று தமிழ்நாட்டைச் சுற்றினார்.

*பாப்பாரப்பட்டி என்ன செய்தது?*

தருமபுரியிலிருந்து பென்னாகரம் பக்கமாகப் போனால் வரும் ஊர் பாப்பாரப்பட்டி. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். சிவாவுக்கு இந்த ஊரில் நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சின்னமுத்து முதலியார்.

யாரும் பக்கத்தில் உட்காரத் தயங்குகிற நோய். தலைக்கு மேல் அரசின் கண்காணிப்பு. இவரோடு பழகினால் போலீஸ் தொல்லை வரும் என்று அந்த நண்பர்களுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் சேர்த்துக்கொண்டார்கள்.

அனுதாபத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நண்பர்கள் உதவியோடு ஊரை ஒட்டி நிலம் வாங்கப்பட்டது. அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று சிவா பெயர் வைத்தார். பாரதாசிரமம் எழுந்தது. அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும், சாதி மத வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்பது அவரது கனவு. தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் பட்டியல் சாதி மக்கள் நுழைய முடியாத காலம் அது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நுழைவு நடந்ததே 1939-ல்தான்.

1923-ல் அந்தக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் வங்கத்தின் பெரும் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். கல்கத்தா அரசியலின் உச்சியில் இருந்த ஒருவர், சேலம் மாவட்டத்தின் ஒரு மூலைக்கு வந்தார் என்றால், அந்த நோயாளி மனிதரின் மதிப்பு அப்படி.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்க. பாப்பாரப்பட்டி நண்பர்களால் சிவாவின் நோயைக் குணப்படுத்த முடியவில்லை. ரயில் தடையை நீக்க முடியவில்லை. அவர்களால் முடிந்தது ரெண்டே ரெண்டு. இருக்க ஒரு இடம் கொடுத்தார்கள். செய்ய ஒரு வேலைக்குத் துணை நின்றார்கள். சாகும் வரை அந்த மனிதர் ஒரு கோயிலுக்காக நிதி திரட்டி அலைந்துகொண்டிருந்தார் என்றால், அவருக்கு நாளைக்கு என்று ஒன்று இருந்தது என்று அர்த்தம். நம்பிக்கை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

*கடைசிப் பயணம்*

கோயிலுக்காக ஊர் ஊராகச் சுற்றியதில் உடல் மேலும் கெட்டது. மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டிக்குத் திரும்பியதே அவரது கடைசிப் பயணம். இன்றைக்கு அது பஸ்ஸில் ஒரு இரவுப் பயணம். ரயில் மறுக்கப்பட்ட, புண்கள் நிறைந்த உடம்புக்கு அந்தச் சுமார் 300 கிலோமீட்டர் எப்படி இருந்திருக்கும்!

1925 ஜூலை 23-ம் தேதி பாப்பாரப்பட்டியில் சிவா காலமானார். 41 வயதுகூட நிறையவில்லை. கோயில் கட்டி முடிக்கப்படவில்லை. இந்தியா விடுதலை அடைய இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன.

1961-ல் வெளியான கப்பலோட்டிய தமிழன் படத்தில் டி.கே.சண்முகம் சிவாவாக நடித்தார். பல தலைமுறைகளுக்கு சிவாவின் முகம் அதுதான். பாப்பாரப்பட்டியில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதா நினைவாலயமும் தமிழ்நாடு அரசால் அங்கே கட்டப்பட்டுள்ளது. நினைவு நாளில் மாலை அணிவிக்கப்படுகிறது.

*அவருக்குக் கிடைக்காத மருந்து*

சிவா இறந்து சுமார் 20 ஆண்டுகளில் டாப்சோன் என்ற மருந்து தொழுநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. செங்கல்பட்டில் தொழுநோய் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அதை ஆரம்பத்தில் கையாண்டவர்களில் ஒருவர். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 மாதம் முதல் 12 மாதம் வரை மாத்திரை சாப்பிட்டால் தொழுநோய் குணமாகும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

மருந்து வந்த வேகத்தில் சட்டம் மாறியதா? இல்லை. 1898-ம் ஆண்டு தொழுநோயாளிகள் சட்டம் ரத்தானது 2016-ல்தான். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த சட்டப் பிரிவுகள் நீக்கப்பட்டது 2019-ல். அதாவது, குணமாகும் நோய் என்று தெரிந்த பிறகும், பல ஆண்டுகள் அந்த ஒதுக்கலை நாம் சட்டப் புத்தகத்தில் வைத்திருந்தோம்.

2005 டிசம்பரில், தேசிய அளவில் 10 ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற நிலையை இந்தியா எட்டியது. ஆனா நோய் முழுசாகப் போய்விடவில்லை. உலகில் ஒவ்வொரு ஆண்டும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் அதிகம் பேர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். பலர் தாமதமாக வருவதற்குக் காரணம் பயம். கிருமி பற்றிய பயத்தைவிட ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் அதிகம்.

*சித்தேரிக்கு வருவோம்*

சிவாவுக்கு மறுக்கப்பட்டது ஒரு வண்டி. சித்தேரி மலையின் பல குக்கிராமங்களுக்கு இல்லாமல் போனதும் அதேதான். அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்களின் ரோடு கோரிக்கை பல ஆண்டுகள் இழுத்தது. வனத்துறை நிலம், அனுமதி, நிதி என்று ஒவ்வொரு காரணம். தடை போட்டு யாரும் உத்தரவு எழுதவில்லை. ஆனா ரோடு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வராது. முடிவு என்னவோ ஒன்றுதான்.

வேலை இல்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் இந்த மலை பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். அது மோதலே இல்லை என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் சித்தேரி மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கூலிக்காக உயிரைப் பணயம் வைத்துப் போகும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள்.

அதேசமயம், கைவிடாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். ரெண்டு உதாரணம் பார்க்கலாம்.

முதலாவது வாச்சாத்தி. சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக் கட்டை தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். முதலில் யாரும் நம்பவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த மக்களோடு நின்றன. அக்கட்சியின் தலைவர் நல்லசிவன் நீதிமன்றம் போனார். வழக்கு சி.பி.ஐ கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூட நின்றவர்கள் பாதியில் போயிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

இரண்டாவது சிட்லிங்கி. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993-ல் இங்கே வந்தார்கள். ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. குடிசை இன்று அறுவை சிகிச்சை வசதியோடு ஒரு மருத்துவமனையாக நிற்கிறது.

*சிவாவின் கதையில் நமக்கு என்ன இருக்கு?*

இதுவரை பார்த்ததை ஒரு முறை வரிசையாக வையுங்க. திருவனந்தபுரத்தில் ஒரு வேளைச் சோறு. தூத்துக்குடியில் வேலைநிறுத்தக் காலத்து உதவி. பாப்பாரப்பட்டியில் ஒரு துண்டு நிலம். வாச்சாத்தியில் 19 வருஷம் விடாமல் நடத்திய வழக்கு. சிட்லிங்கியில் ஒரு குடிசை.

ஒன்றுகூட வெறும் ஆறுதல் வார்த்தை கிடையாது. எல்லாமே கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்கள். மனசைத் தேத்திக்கோ, எல்லாம் சரியாகிடும் என்று சொல்வது சுலபம். சிவாவுக்கு மன உறுதிக்குக் குறையே இல்லை. அவரிடம் இல்லாமல் போனது ஒரு ரயில் டிக்கெட். அவ்வளவு உறுதியான மனிதரே மற்றவர்கள் தாங்கிப் பிடித்ததால்தான் கடைசி வரை நிற்க முடிந்தது என்றால், சாதாரண மனிதர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அரசு செய்யட்டும் என்று மட்டும் விட்டுவிட முடியாது. அதே நேரம், நல்ல மனசுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு ஒதுங்கவும் முடியாது. 1920-களில் அரசு கதவை மூடியது, ஊர் திறந்தது. ஆனா ரோடு போடுவதையும், ஆம்புலன்ஸ் அனுப்புவதையும், மருந்து கொடுப்பதையும் நாலு நண்பர்கள் சேர்ந்து செய்துவிட முடியாது. அதைக் கேட்டு வாங்குவதற்குத்தான் ஊர் கூட நிற்க வேண்டும்.

*இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க*

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால், கிள்ளினால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். கை கால் மரத்துப் போவது, விரல்கள் மடங்குவது போன்றவையும் கவனிக்க வேண்டியவை. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சீக்கிரம் போனால் உறுப்புக் குறைபாடு வராமலே தடுத்துவிடலாம்.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் தயங்கிக்கொண்டிருந்தால், போங்க என்று சொல்லி நிறுத்தாதீங்க. வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் போங்க. நூறு வருஷத்துக்கு முன்னால் சிவாவுக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஒரு ஆள்தான்.